சென்னைக்கு இரண்டரை மணி நேரம் முன்னால்

ரஜினிகாந்துக்கு முதலில் வயது கூடுவது போயஸ் தோட்டத்தில் அல்ல, ஈப்போ புந்தோங்கில். சென்னைக் கடிகாரம் டிசம்பர் 11 இரவு ஒன்பதரை காட்டும்போதே மலேசியாவில் 12 பிறந்துவிடுகிறது. இந்தச் சலுகை ஒரேயடியாகக் கிடைத்ததல்ல. 1981 முடியும்வரை தீபகற்ப மலேசியா இந்தியாவை இரண்டு மணி நேரம்தான் முந்தியிருந்தது. சபா, சரவாக்கோடு நேரம் ஒன்றாக இருக்கட்டும் என்று 1982 பிறக்கும்போது கடிகாரத்தை அரை மணி முன்னே தள்ளினார்கள். நாடு முழுக்க ஒரே நேரம் என்பது அரசாங்கக் கணக்கு. தலைவரை வாழ்த்துவதில் தமிழ்நாட்டை இன்னும் முப்பது நிமிடம் முந்தலாம் என்பது ரசிகர் கணக்கு.

ஆனாலும் நள்ளிரவில் யாரும் வாழ்த்துவதில்லை. பேராக்கின் குடும்ப வாட்சப் குழுக்களில் வாழ்த்து வந்து விழுவது விடியற்காலை ஐந்து மணிக்கு. காரணம் ரப்பர். வெயில் ஏறினால் பால் ஓட்டம் குறைந்துவிடும் என்று, இருட்டோடு எழுந்து, ஆளெண்ணும் பெரட்டில் நின்று, தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு மரம் வெட்டப் போன உடம்பு அது. தோட்டங்கள் பல செம்பனையாகவும் தாமானாகவும் மாறி, சுங்கை சிப்புட்டிலும் சிலிம் ரிவரிலும் இருந்தவர்கள் பட்டணத்துக்கு வந்து பல காலம் ஆகிவிட்டது. விழிப்பு மட்டும் பழைய நேரத்துக்கே தட்டுகிறது. வெட்ட மரம் இல்லை. கையில் போன் இருக்கிறது.

இப்படி விழித்துக்கொள்பவர்களில் குடும்பத்துக்கு ஒரு ‘தேதி மாமா’ கட்டாயம் உண்டு. எந்த நட்சத்திரம் என்று பிறந்தார், எந்தப் படம் என்று வந்தது எல்லாம் அவருக்குத் தலைகீழ்ப் பாடம். அவர் அனுப்பும் படத்தைச் சற்றுப் பெரிதாக்கிப் பார்க்க வேண்டும். இரண்டு ரோஜா, ஒரு குத்துவிளக்கு, நடுவில் தொப்பியும் கறுப்புக் கண்ணாடியுமாக எம்.ஜி.ஆர்., தலைக்கு மேல் ‘இனிய காலை வணக்கம்’, காலடியில் யாரோ போன வருஷம் போட்ட தேதி அழிபடாமல். ஜனவரி 17-இல் இந்தப் படம் வரும். எம்.ஜி.ஆர். 1917-இல் பிறந்தது இலங்கையின் நாவலப்பிட்டியில், தேயிலை மலைகளுக்கு நடுவே. பால்மரம் இல்லாவிட்டால் என்ன, தோட்டம் தோட்டம்தானே? ஆகவே ‘நம்ம தோட்டத்துப் பிள்ளை’ என்று மாமா தீர்ப்பு எழுதி நாளாகிறது.

புந்தோங்கில் டிசம்பர் இரண்டாம் வாரம் நெருக்கடியானது. அங்கே கச்சாங் பூத்தே கம்பம் இருக்கிறது. கடலையும் முறுக்கும் பக்கோடாவும் வறுத்து நாடு முழுக்க அனுப்பும் ஊர். அந்தத் தொழிலை அங்கே வேரூன்ற வைத்தவர்கள் எட்டயபுரத்திலிருந்து வந்தவர்கள். எட்டயபுரம் என்றால் பாரதி. பாரதி என்றால் டிசம்பர் 11. மறுநாளே ரஜினி. பாரதியை ஒரு நாள்கூட முழுசாகக் கொண்டாட முடியாமல், சாயங்காலத்திலிருந்தே ‘இன்னும் சில மணி நேரத்தில்…’ என்று மருமகப்பிள்ளைகள் ஆரம்பித்துவிடுவார்கள். பாரதியின் நினைவு நாளாவது நிம்மதியா என்றால் அதுவும் இல்லை. செப்டம்பர் 11 என்று ஒரு கட்சி. நள்ளிரவு தாண்டித்தான் உயிர் பிரிந்தது, ஆகவே 12 என்று இன்னொரு கட்சி. மாமா இரண்டு நாளும் அஞ்சலி அனுப்பிவிடுகிறார்.

ஜூன் வந்தால் போன் சார்ஜரை விட்டு நகராது. இளையராஜா பிறந்தது 1943 ஜூன் 3. அன்று கலைஞருக்கும் பிறந்தநாள் என்பதால் அவர் தன் கொண்டாட்டத்தை 2-ஆம் தேதிக்கு மாற்றிக்கொண்டார். ஆகவே 2-இல் ராஜா, 3-இல் கலைஞர், 4-இல் எஸ்.பி.பி., 22-இல் விஜய். 24-ஆம் தேதி கொஞ்சம் சிக்கனம்: கண்ணதாசன் 1927, எம்.எஸ்.விஸ்வநாதன் 1928, இருவருக்கும் ஒரே நாள். பாட்டையே சேர்ந்து போட்டவர்கள், வாழ்த்தையும் சேர்த்தே வாங்கிக்கொள்ளட்டும் என்று அன்று ஒரே படம்தான் போகும்.

அக்டோபர் 17 அப்படி எளிதில் முடியாது. 1952-இல் அந்தத் தீபாவளி நாளில்தான் ‘பராசக்தி’ வந்தது. 1981-இல் அதே தேதியில் சிகாகோவில் கண்ணதாசன் காலமானார். காலையில் சிவாஜிக்குக் கைதட்டல், மத்தியானம் கவிஞருக்குக் கண்ணீர். ‘பராசக்தி’யின் அண்ணன்மார் ரங்கூனில் இருப்பவர்கள், உலகப்போர் வந்து, மதுரையில் இருக்கும் தங்கையைவிட்டு அவர்களைப் பிரித்துவைக்கிறது. ஜப்பான்காரன் காலத்தில் ஊர்க் கடிதத்துக்கு ஏங்கிக் கிடந்த மலாயாக் குடும்பங்களுக்கு இந்தக் கதையை யாரும் விளக்க வேண்டியிருந்திருக்காது.

மே 25-இல் வீட்டுக்குள்ளேயே மூன்று கட்சி. தாத்தாவுக்கு அது 2013-இல் டி.எம்.எஸ். மறைந்த நாள். அம்மாவுக்கு 1954-இல் பாடகர் சுடிர்மான் பிறந்த நாள். பேரனுக்கு 1977-இல் ‘ஸ்டார் வார்ஸ்’ வெளியான நாள். மேசையில் ஒரே ஒரு புளூடூத் ஸ்பீக்கர்.

ஈப்போவுக்கென்று சொந்தமாக ஒரு தேதியும் இருக்கிறது, அதிலும் வில்லங்கம். ஈப்போவில் பிறந்த மிஷல் யோ, சிறந்த நடிகைக்கான ஆஸ்கரை வாங்கிய முதல் ஆசியப் பெண். லாஸ் ஏஞ்சலஸில் அன்று 2023 மார்ச் 12, ஞாயிறு; ஈப்போவில் 13, திங்கள். அதே மேடையில் ‘நாட்டு நாட்டு’ பாட்டுக்கும் விருது கிடைத்தது. அமெரிக்கத் தேதியா, நம் தேதியா? “நம்ம ஊர் பொண்ணு, நம்ம ஊர் தேதி” என்று மாமா முடித்துவிட்டார்.

இத்தனை பேர் பிறந்தநாள் தெரிந்தவரிடம் அவருடைய பாட்டியின் பிறந்தநாளைக் கேட்டால் திண்டாடுவார். 1948-இல் மலாயாவில் அவசரகாலத்தோடு ‘ஐ.சி.’ எனும் அடையாள அட்டை வந்தது. பிறந்த பத்திரம் இல்லாதவர்களுக்குத் தோட்டத்துக் கணக்கரான கிராணியின் ஒரு குத்துமதிப்பு போதுமாக இருந்தது. “கிராணி என்ன எழுதினாரோ அதான் என் வயசு” என்று சொன்ன பாட்டிமார் தோட்டத்துக்குத் தோட்டம் உண்டு.

ஜூலை 21 சிவாஜியின் நினைவு நாள். மாமா படம் போட்ட ஐந்தாவது நிமிடம், பிறந்தநாள் என்று நினைத்து, கோலாலம்பூரிலிருந்து ஒரு மருமகன் கேக் படம் அனுப்புவான். அந்தச் சண்டை ஆறுமுன் 22 விடிந்துவிடும்: 2016-இல் ‘கபாலி’ வெளியான நாள். தோட்டத்துத் தமிழன் கோட்டு போட்டு நடந்த படமாயிற்றே, விடுவார்களா? அதற்கு இரண்டு முடிவு. தமிழ்நாட்டில் துப்பாக்கிச் சத்தத்தோடு திரை இருண்டுவிடும். மலேசியப் பிரதியில் கபாலி போலீசில் சரணடைந்ததாக ஒரு வரி வரும். “அதெப்படி மாமா தலைவர் சரணடைவார்?” என்று சென்னையில் படிக்கும் மருமகள் ஒவ்வொரு வருஷமும் கேட்பாள். மாமாவின் பதிலும் மாறுவதில்லை: “சரணடையறது பெரிசில்லம்மா. ஸ்டேஷன்ல முதல்ல ஐ.சி.யைக் கேப்பான். அதுல கிராணி என்ன தேதி எழுதி வச்சிருக்காரோ!”