கஜானாவுக்கு ஒரு மொய்ப் பத்திரிகை

சென்னையில் ஒரு வீடும் டெல்லியில் ஒரு வீடுமாகக் குறைவின்றி வாழும் கஜானா அய்யா அவர்களுக்கு, பேராவூரணியிலிருந்து கும்பிட்டு எழுதுவது.

தாங்கள் நலம். எங்கம்மாவுக்கு மணிக்கட்டு முறிவு. போன செவ்வாய்க்கிழமை இந்தப் பக்கத்து அரசு ஆஸ்பத்திரி ஒன்றில் எக்ஸ்ரே எடுத்தோம். பிலிம் இல்லை. "போனைக் குடுங்கண்ணே, திரையிலேர்ந்து படம் புடிச்சுத் தர்றேன்" என்றார் டெக்னீசியன் தம்பி. என்னுடையது பட்டன் போன். அவர் போனிலோ ஊர்ப்பட்ட எலும்பு ஏறி இடமில்லை. பின்னால் நின்ற தேங்காய் வியாபாரி இரக்கப்பட்டுத் தன் போனை நீட்டினார். டாக்டர் எங்களைக் கூப்பிடுவதற்குள், லோடு கிளம்புகிறது என்று போய்விட்டார், அம்மாவின் எலும்போடு.

கோபமில்லை அய்யா. நாங்கள் மொய் விருந்து ஊர்க்காரர்கள், கணக்கு முறை தெரிந்தவர்கள். ஆடி பிறந்தால் ஆட்டுக்கறி போட்டு, வந்தவர் எழுதும் மொய்யை நோட்டில் ஏற்றி, அவர் முறை வரும்போது வாங்கியதைத் திருப்பி மேலே புது நடையும் போடுவோம். 2022-ல் எங்கள் எம்.எல்.ஏ. வைத்த விருந்தில் பத்துக் கோடி விழுந்ததாகப் பேப்பரிலெல்லாம் வந்தது. பணம் எண்ண மெஷின் வைத்தார்களாம். எலும்பு பார்க்கத்தான் பிலிம் கிடைக்கவில்லை.

சோப்பு வாங்கினாலும் டீசல் அடித்தாலும் தங்களுக்கு மொய் எழுதுகிறோம். தாங்களும் 2017-ல் தேசிய நலவாழ்வுக் கொள்கை என்று பத்திரிகை அடித்தீர்கள்: 2025-க்குள் மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 2.5 சதவீதம் அரசு மருத்துவத்துக்கு. 2025 போயே போய்விட்டது. நாங்கள் இலையைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கிறோம்.

காப்பீடு இருக்கிறதே என்பீர்கள். குடும்பத்துக்கு வருடம் 5 லட்சம், வாயார வாழ்த்துகிறேன். ஆனால் காப்பீட்டுப் பட்டியலில் உள்ள சிகிச்சையைச் செய்த ஆஸ்பத்திரிக்குத்தான் அந்தப் பணம். பெரிய ஆஸ்பத்திரி அதில் மெஷின் வாங்கிக்கொள்ளும். சின்ன ஆஸ்பத்திரி பார்ப்பதெல்லாம் காய்ச்சல், சர்க்கரை மாத்திரை, நாய்க்கடி ஊசி. இதற்கெல்லாம் யார் கிளைம் தருவது? ஆள் போதாமல் தஞ்சாவூருக்குச் சீட்டு எழுதி அனுப்பினால் நோயாளியோடு கிளைமும் 108-ல் ஏறிப் போய்விடும். பந்தி இங்கே, மொய் அங்கே.

2018 நவம்பர் 16-ல் கஜா புயல் வந்தபோது தென்னையெல்லாம் ரோட்டில் கிடந்தது. தஞ்சாவூர்ச் சீட்டு அன்றைக்குச் செல்லாக்காசு. நடந்து போகிற தூரத்தில் இருந்த ஆஸ்பத்திரிதான் ஆஸ்பத்திரி. கஜா ஒரே ராத்திரியில் வந்துவிட்டது. கஜானாதான் இன்னும் வழியில் இருக்கிறது.

எழுபத்திரண்டு வயதுக் கிழவி ஒரு கையால் மறுகையைத் தாங்கிக்கொண்டு முக்கால் மணி நேரம் நின்றாள். பெற்ற மகன் எலும்பைத் தேடித் தேங்காய் மண்டிக்கு ஓடினேன். கடைசியில் டாக்டரே எக்ஸ்ரே ரூமுக்கு நடந்து வந்து திரையைப் பார்த்து மாவுக்கட்டு போட வைத்தார். அதுவரை வெளியே மற்ற நோயாளிகள் அத்தனை பேரும் காத்துக்கிடந்தார்கள். வெட்கமாக இல்லையா உங்களுக்கு?

மன்னிக்கவும். வெயில்.

வரும் ஆடியில் ஆஸ்பத்திரிக்காக மொய் விருந்து வைக்க உத்தேசம். தாங்கள் இரு வீட்டாரோடும் வந்து சிறப்பிக்க வேண்டும். கறி உண்டு. புது நடை வேண்டாம், பழைய பாக்கியை எழுதினால் போதும்.

இப்படிக்கு,
மாவுக்கட்டு போட்டவள் மகன்

பின்குறிப்பு: படம் நேற்று பக்கத்து வீட்டுப் பையன் போனுக்கு வந்துவிட்டது. வியாபாரி முதலில் அதைக் கொப்பரை குரூப்பில் போட்டுவிட்டாராம். கீழே ஒருவர், "சரக்கு முற்றல்போலத் தெரியுதே, கிலோ என்ன ரேட்?" என்று கேட்டிருக்கிறார்.