மூணு பாட்டில் முதலாளிக்கு ஒரு யோசனை

ஏலே தம்பி, டெக்ஸாஸுல வீடு வாங்கி, பின்வாசல்ல நீச்சல் குளம்னு 20,000 கேலன் தண்ணியைக் கட்டி வச்சிருக்க பாரு, இந்தப் பவிசு நம்ம வம்சத்துல எவனுக்கு வாச்சுது? நம்ம கணக்குல 75,000 லிட்டருக்கு மேல வருது. நான் ஆபரேட்டரா இருந்து காவல் காத்த பஞ்சாயத்துத் தொட்டி வெறும் 30,000 லிட்டர். அதை ஊர் குடிச்சுது, மாடு குடிச்சுது, மிச்சத்துல கல்யாண வீட்டுப் பாத்திரமும் கழுவினாங்க. உன் தண்ணியை யாரும் குடிக்கலை. இப்போ யாரும் குளிக்கவும் இல்லை. வெளுத்துக் கலங்கிக் கெடக்கு. ஏணிப்படிக்குப் பின்னால ரோஸ் கலர்ல வழுவழுன்னு என்னமோ ஒட்டியிருக்கு. உன் மவன் அதை "ஜெல்லி"ங்கான். மருமவ "சீ"ங்கா. நீ மட்டும் "ஃபில்டர்ல சின்னப் பிரச்சினை பெரியப்பா"ங்க. நல்லா இருடே.

குளோரின்னா கண்ணு எரியும், முடி செம்பட்டையாகும், வாடை அடிக்கும்னு எவனோ சொன்னான். உடனே நீ மூணு பாட்டில் வைத்தியத்துல போய் விழுந்த. மொத பாட்டில் பைகுவனைடு, அது கிருமியைக் கொல்லும். ஆனா கொன்னதை எரிக்க அதுக்குத் தெரியாது. அதனால ரெண்டாவது பாட்டில், ஹைட்ரஜன் பெராக்சைடு. ரெண்டும் சேந்தும் பாசிகிட்ட பாச்சா பலிக்காது. அதனால மூணாவது பாட்டில், பாசி மருந்து. வைத்தியருக்கு ஒரு வைத்தியர், அவருக்கு ஒரு வைத்தியர். நோயாளி மட்டும் ஒரே ஆளு, உன் பர்ஸு.

அதுக்காகப் பைகுவனைடு கெட்ட சாமான்னு நான் சொல்ல மாட்டேன். வாடை கிடையாது. வெயில்ல குளோரின் மாதிரி ஆவியாப் போகாது. கண்ணுல போடுத கான்டாக்ட் லென்ஸைக் கழுவுத தண்ணியில இதே வகைதான் சேக்காங்க. நான் காலையும் ராத்திரியும் முழுங்குத மெட்ஃபார்மின் மாத்திரைகூட இந்தப் பைகுவனைடுக் குடும்பத்துப் பங்காளிதான். என் சர்க்கரையையும் உன் குளத்தையும் ஒரே குடும்பம் பாத்துக்கிடுதுன்னு நெனச்சா எனக்கே ஒரு மரியாதை வருது. என் சர்க்கரையாவது குறைஞ்சுது.

மொத ரெண்டு வருசம் குளம் கண்ணாடியாத்தான் இருக்கும். அந்த ரெண்டு வருசந்தான் கடைக்காரனுக்கு மூலதனம். பொறவு அந்த மருந்துக்குப் பழகின பூஞ்சையும் பாக்டீரியாவும் குழாய்க்குள்ள குடித்தனம் நடத்த ஆரம்பிக்கும். வெள்ளையா மிதக்கது ஒரு வீடு, ரோஸ் கலர் வழுவழுப்பு இன்னொரு வீடு. ஃபில்டர் மணல் பிசின் பிடிச்சுக் கட்டியாகும். நீ கடைக்கு ஓடுவ. அவன் "டோஸைக் கூட்டுங்க"ம்பான். அவன் பிள்ளையும் காலேஜ் போகணும்லா?

இப்போ குளோரினுக்கு மாறணும்னு யோசனை வந்திருக்கு. வரட்டும். அமெரிக்காவுல ஊர்க் குடிதண்ணிக்கு நாள் தவறாம குளோரின் போட ஆரம்பிச்சது 1908ல, ஜெர்சி சிட்டியில. காலரா, டைஃபாய்டை எல்லாம் ஒடுக்கின சாமான்டே அது. ரெண்டு வருசம் கழிச்சு, 1910ல, பிரவுன் பல்கலைக்கழகத்து நீச்சல் குளத்துலயும் போட்டுப் பாத்தாங்க. நூறு வருசத்துக்கு மேல வேலை பாத்தவனை "வாடை அடிக்கான்"னு சொல்லி வாசல்லயே நிறுத்தி வச்சிருக்க.

அந்த வாடை விசயத்தையும் கேட்டுக்கோ. குளத்துல குப்புன்னு மூக்குல ஏறுதே, அது நல்ல குளோரினோட வாடை இல்லை. வேர்வையும் மூத்திரமும் குளோரினோட சேந்து பிறக்குத குளோரமைனோட வாடை. கண்ணை எரிக்கதும் அதுதான். அதாவது வாடை அடிச்சா குளோரின் கூடிப் போச்சுன்னு அர்த்தம் இல்லை, பத்தலைன்னு அர்த்தம். குத்தம் குளோரின் மேல இல்லை, உன் ஞாயித்துக்கிழமை விருந்தாளி மேல. எதிர் வீட்டுக்காரன் "எங்களுது உப்புத் தண்ணிக் குளம், குளோரினே கிடையாது"ன்னு நெஞ்சை நிமித்துதானே, அவன்கிட்டயும் சிரிச்சுக்கிட்டே சொல்லு: அந்த மெஷின் உப்பை மின்சாரத்தால உடைச்சுச் செய்யுததே குளோரினைத்தான்.

சரி, மாத்துத வழிக்கு வருவோம். கோட்டிப்பய செய்யுத மொத வேலை என்ன தெரியுமா? இருக்கதையும் விட மனசில்லாம, புதுசையும் விட மனசில்லாம, இதுல பாதி அதுல பாதி ஊத்துவான். பைகுவனைடும் குளோரினும் ஒரு குளத்துல வாழாது. ஊத்தின குளோரின் கிருமிகிட்ட போகுததுக்கு முந்தியே பைகுவனைடு மேல பாஞ்சுரும். பெராக்சைடு மிச்சம் இருந்தா அதுவும் குளோரினைத் தின்னு தீத்துரும். காலையில ஊத்தினது மத்தியானம் காணாமப் போகும். நீ "அமெரிக்கக் குளோரினும் கலப்படம்"னு எனக்குப் போன் போடுவ.

இன்னொரு கெட்டிக்காரன் இருக்கான். தண்ணியை மொத்தமா இறைச்சுட்டுப் புதுசா நிரப்பினா என்னங்கான். செய்யலாம். ஆனா தரைக்கடியில ஊத்து மட்டம் மேல இருந்தா காலிக் குளம் தரையை விட்டுக் கிளம்பிரும். வினைல் விரிப்புப் போட்ட குளமா இருந்தா விரிப்புச் சுருங்கிக் கிழியும். இவ்வளவு பண்ணியும் குழாய்க்குள்ளயும் ஃபில்டர்லயும் ஒட்டின பிசின் அங்கனயேதான் இருக்கும். வெவரம் தெரிஞ்ச ஆளைக் கேக்காம இறைச்சிராதே.

அதனால நேர் வழி ஒண்ணுதான். மூணு பாட்டிலையும் இன்னைக்கே நிறுத்து. பெராக்சைடும் பைகுவனைடும் பைய இறங்கட்டும். ஏணியைக் கழட்டி, விளக்குக்குப் பின்னால, ஸ்கிம்மர் மூலையில எல்லாம் தேய். ரோஸ் கலர்க்காரன் அங்கனதான் ஒளிஞ்சிருப்பான். பி.எச். அளவை 7.2 பக்கத்துல கொண்டு வந்து வச்சுக்கோ. பொறவு குளோரின் 10 பி.பி.எம். தாண்டிச்சுன்னா பி.எச். சோதனை பொய் சொல்லும், அதை நம்பி ஆசிட் ஊத்தாதே.

வாங்கப் போறது திரவக் குளோரின், சோடியம் ஹைப்போகுளோரைட். வாசனை போட்டது, துணிக்குன்னு கெட்டியாக்கினது எதுவும் வேண்டாம். தேதி பாத்து வாங்கு, வெயில்ல கெடந்த பாட்டில்ல வீரியம் பாதியும் இருக்காது. கணக்கு ரொம்பச் சுளுவு. 10 சதவீதச் சரக்கு 1 கேலன், 10,000 கேலன் தண்ணியில 10 பி.பி.எம். ஏத்தும். நம்ம இலக்கு 15, உன் குளத்தை அதுக்குக் கொண்டு போக 3 கேலன் வேணும். நீ ஐ.ஐ.டி.ல படிச்சவன், விரலை விட்டே எண்ணிரலாம்.

அளக்குததுக்கு அந்தக் காயிதப் பட்டையை நம்பாதே. நம்ம ஊர்த் தொட்டிக்கு நான் சொட்டு மருந்து விட்டு மஞ்ச நிறம் பாத்தேன். கடைசித் தெருக் கடைசிக் குழாயில 0.2 பி.பி.எம். இருந்தாப் போதும்னு விதி, அதுக்கு அந்த மஞ்சளே சரி. உனக்கு அது பத்தாது. பொடி போட்டதும் ரோஸாகி, சொட்டு விட விட வெளுக்குத சோதனை ஒண்ணு இருக்கு, எஃப்.ஏ.எஸ்.-டி.பி.டி.ம்பாங்க. 10 மில்லி தண்ணிக்குச் சொட்டுக்கு 0.5 கணக்கு. 30 சொட்டுல வெளுத்தா 15ன்னு அர்த்தம். உன் சம்பளத்தை எண்ணுத அக்கறையில பாதி இருந்தாப் போதும்.

இப்போ ஊத்து. பம்பை ராவும் பகலும் ஓட விடு. ஒரு மணி நேரத்துல அளந்து பாரு, 15ல இருந்தது 3க்கு வந்திருக்கும். திரும்ப 15க்கு ஏத்து. திரும்ப அள. திரும்ப ஏத்து. தண்ணி மஞ்சளாகும், பச்சையாகும், காப்பி நிறத்துக்கும் போகும். நுரை தள்ளும், அழுக்கு திரண்டு மிதக்கும். மருமவ சன்னல் வழியாப் பாத்துட்டு, "மாமா, இவர் என்ன பண்ணி வச்சிருக்காரு பாருங்க"ம்பா. நீ அசையாதே. அதுதான் பைகுவனைடு எரியுத கோலம். இந்த இடத்துல பயந்து கடைக்கு ஓடினா, தெளிய வைக்கேன்னு இன்னொரு பாட்டிலை நீட்டுவான். நாலாவது பாட்டில். அதுக்குத் தனியா ஒரு அலமாரி அடிக்க வேண்டி வரும்.

ஃபில்டர் பிரஷர் ஏறினா அப்பப்போ எதிர்த்தண்ணி விட்டுக் கழுவு. நாலஞ்சு நாள்லயும் முடியும், ரெண்டு வாரமும் இழுக்கும். அதுவரைக்கும் பிள்ளைகளை இறக்காதே. முடிஞ்சுதான்னு எப்படித் தெரியும்? தண்ணி அடி வரைக்கும் தெளிஞ்சிருக்கணும். பொழுது சாஞ்சு அளந்ததுக்கும் விடியுததுக்கு முன்ன அளந்ததுக்கும் 1 பி.பி.எம்.க்கு மேல குறையக் கூடாது. ராத்திரியில ஏன்னா, சூரியன் தின்னது எவ்வளவு, அழுக்குத் தின்னது எவ்வளவுன்னு பகல்ல பிரிச்சுப் பாக்க முடியாது. நான் சொன்ன குளோரமைன் வகையறா 0.5க்கு மேல இருக்கக் கூடாது. மூணும் சேந்து வந்தாத்தான் முடிவு. ரெண்டு வந்ததுக்கே விருந்து வைக்காதே.

முடிஞ்ச கையோட ஃபில்டர் மணலை மாத்து. கார்ட்ரிஜ்னா புதுசு வாங்கு. இதுல கஞ்சத்தனம் பாக்காதே. பழைய மணல்ல ஒட்டின பிசின் உன் குளோரினை வருசம் பூராத் தின்னுக்கிட்டே இருக்கும்.

அதுக்கு அப்புறந்தான் சயனூரிக் ஆசிட். முன்னாடியே போட்டுராதே, குளோரினோட கையைக் கட்டிரும். ஆனா அது இல்லாம டெக்ஸாஸ் வெயில்ல விட்டா, குளோரின்ல பெரும்பங்கு சில மணி நேரத்துல போயிரும். 30லிருந்து 50 பி.பி.எம். போதும். பழைய காலுறையில கட்டித் தண்ணி வந்து விழுத குழாய்க்கு எதுக்கத் தொங்கப் போடு, பைய கரையும். அமெரிக்காவுக்கு வந்து காலுறை போட ஆரம்பிச்சதுக்கு ஒரு பிரயோசனம் வேண்டாமா? பொறவு தெனம் குளோரினை அள, 3க்குக் கீழ இறங்க விடாதே. பெரிய வில்லை மாத்திரையைப் போட்டுட்டு ஒரு வாரம் தூங்கலாம்னு பாக்காதே. அதுல ஒவ்வொண்ணும் சயனூரிக் ஆசிடையும் சேத்தே கொண்டு வருது. அது கூடிப்போனா, குறைக்கச் சுளுவான வழி தண்ணியை இறைக்கதுதான்.

உன் முகம் சுருங்குது, தெரியுது. "தெனமுமா பெரியப்பா?" ஆமாடே, தெனமும். குளோரின் அன்னாடக் கூலிக்காரன். காலையில வந்து, வெயில் சாயும்வரை வேலை பாத்துட்டு, போயிருவான். அட்வான்ஸ் கேக்க மாட்டான், திண்ணையில படுக்க மாட்டான், ஆனா தெனம் கூப்பிடணும். உனக்குப் பிடிச்சது தெனம் கண்ணுல படாத மருந்து. கண்ணுல படாததுக்குத்தான் மூணு விலை கொடுத்த. எந்தப் பாட்டில் வாங்கினாலும், குளத்தைப் பாக்க ஒரு ஆள் தெனம் குனியத்தான் வேணும். ஊர்த் தொட்டிக்கு நான் குனிஞ்சேன், உன் தொட்டிக்கு நீ குனி.

கடைசியா ஒரு வார்த்தை, இதுல கிண்டல் இல்லை. பி.எச்.சுக்கு வாங்கின ஆசிடும் குளோரினும் ஒரு அலமாரியில இருக்கக் கூடாது. ரெண்டும் கலந்தா விஷ வாயு. குளோரின் வகையிலயே பொடியையும் வில்லையையும் ஒரே வாளியில போடாதே, தீப்பிடிக்கும். மிச்சம் இருக்க மூணு பாட்டிலையும் சாக்கடையில கவுக்காம, ஊர்ல ரசாயனக் குப்பை வாங்குத இடத்துல கொண்டு போய்க் கொடு. எல்லாத்தையும் உயரத்துல வச்சுப் பூட்டு, சாவி உன் இடுப்புல இருக்கட்டும். பிள்ளைங்க ஓடியாடுத வீடுடே.