இன்னும் ஒரு வாரம் பார்க்கலாம்

கோயமுத்தூரில் எந்த டிஜிட்டல் விளம்பர ஏஜென்சிக்குள் நுழைந்தாலும் இவரைப் பார்க்கலாம். வயது முப்பத்தைந்துக்கு மேல். மேசையில் இரண்டு திரை. வலதுபக்கத் திரையில் வேலை. இடதுபக்கத் திரையில் எந்நேரமும் ஒரே பட்டியல்: விளம்பரம் எந்த இணையதளத்தில், எந்த ஆப்பில், எந்த யூடியூப் சேனலில் ஓடியது, எது எவ்வளவு தின்றது என்று கூகுள் தரும் கணக்கு. அந்த ஒவ்வோர் இடத்துக்கும் பிளேஸ்மென்ட் என்று பெயர். காசைத் தின்றுவிட்டு வியாபாரம் தராததைத் தூக்குவதுதான் இவருடைய உத்தியோகம். விசிட்டிங் கார்டில் ‘ஆப்டிமைசேஷன் ஹெட்’. ஆபீஸில் எல்லோருக்கும் அண்ணன்.

திங்கட்கிழமை காலை அண்ணன் வெட்டுவார். முந்தின நாள் மாமனார் வீட்டுக்குப் போய் வந்திருந்தால் எண்ணிக்கை கூடும். “பதினோரு கிளிக், ஒரு ஆர்டர் இல்ல. தூக்கு.” சமையல் குறிப்புத் தளம் போயிற்று. செய்தித் தளம் போயிற்று. விற்கிற பொருளோ வெட் கிரைண்டர். சமையல் குறிப்புத் தளத்துக்கு வருகிறவரை விட்டால் வேறு யார் வாங்குவார் என்று கேட்க அந்த நேரத்தில் யாருக்கும் தைரியம் வராது.

நூறு பேர் வந்தால் ஒருவர் வாங்குகிற நல்ல தளம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். அங்கேயும் முதல் 100 பேரில் ஒருவருமே வாங்காமல் போக 37 சதவீத வாய்ப்பு உண்டு. 300 பேர் வந்தும் ஒன்றும் விற்கவில்லை என்றால்தான் ஓரளவு துணிந்து கை வைக்கலாம். இது அண்ணனுக்குத் தெரியாததல்ல. புதிதாகச் சேர்கிறவர்களுக்கு மதியம் மூன்று மணிக்கு அவரே ஸ்லைடு போட்டு நடத்தும் பாடம். காலையில் வெட்டியதற்கும் மூன்று மணிப் பாடத்துக்கும் சம்பந்தமில்லை. நடுவில் சாப்பாடு இருக்கிறது.

தவிர, கிரைண்டரை யாரும் பார்த்த கையோடு வாங்குவதில்லை. விளம்பரத்தைத் தட்டி, விலை பார்த்து, டில்டிங்கா டேபிள் டாப்பா என்று மாமியாரோடு வழக்கு நடத்தி, ஒண்ணாம் தேதி சம்பளம் வந்து, அப்புறம்தான் பணம் கட்டுவார்கள். கூகுளே ஒரு கிளிக்குக்கு 30 நாள் அவகாசம் தருகிறது. நாம் மாற்றி வைக்காதவரை, அதற்குள் நடக்கும் விற்பனை அந்தக் கிளிக்கின் கணக்கில்தான் ஏறும். அண்ணன் தருவது மூன்று நாள். அதுவும் இருபத்தைந்தாம் தேதிக்கு மேல்.

கேட்டால் ஜேபி மோர்கன் சேஸ் வங்கியின் கதையைச் சொல்வார். 2017-இல் அந்த வங்கி 4 லட்சம் தளங்களில் ஓடிக்கொண்டிருந்த விளம்பரத்தை 5,000 தளங்களுக்குச் சுருக்கியது. பலனில் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. உண்மைதான். ஆனால் அந்தச் சுருக்கலுக்காக, விளம்பரத்தால் ஏதாவது நடந்திருந்த 12,000 தளங்களைப் பயிற்சிக்கு வந்த ஒருவர் ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தார். அண்ணன் சொல்லும்போது கதையில் அந்தப் பாத்திரம் வராது. இங்கேயும் பட்டியலைத் திறந்து பார்ப்பது பயிற்சிக்கு வந்திருக்கும் பெண்தான்; அவளும் கதையில் வரமாட்டாள்.

பலூன் உடைக்கும் விளையாட்டு ஆப் ஒன்றிலிருந்து கிளிக் கொட்டியது. அதை மட்டும் அண்ணன் தொடவில்லை. “ரெஸ்பான்ஸ் பாருங்ணா!” என்று கிரைண்டர் கம்பெனி முதலாளிக்குப் பச்சை நிறத்தில் காட்டினார். ஒருநாள் முதலாளி மகள் வயிற்றுப் பேத்தியோடு ஆபீஸுக்கு வந்தார். மடியில் உட்கார்ந்து அவருடைய செல்போனில் பலூன் உடைத்துக்கொண்டிருந்தாள் குழந்தை. நடுவில் விளம்பரம் வந்தது. மூடுவதற்கான பெருக்கல் குறி கடுகளவு. குழந்தையின் கட்டைவிரல் அதைத் தாண்டி விழ, கிரைண்டர் பக்கம் திறந்துகொண்டது.

“அப்பிச்சி, இது நம்ம கிரைண்டரு!”

“ஏந்தம்பி, இப்ப இதுக்கு எனக்கு எவ்வளவு ஆச்சுங்க?”

“நாலு ரூபாய்ங்ணா.”

அன்றைக்குச் சாயங்காலம் பலூன் தூக்கப்பட்டது. முதலாளியின் பேத்தியே சாட்சி சொன்ன பிறகு டேட்டா போதவில்லை என்று சொல்ல முடியுமா?

இத்தனை கறாரான மனிதருக்கு ஒரு பலவீனம் உண்டு. ஒரு பக்திப்பாடல் சேனல். அது அவரே யோசித்துப் பிடித்த பிளேஸ்மென்ட். விடியற்காலை சாமி பாட்டுப் போடுகிற வீட்டில்தான் மாவும் வீட்டிலேயே ஆட்டுவார்கள் என்பது அவர் சித்தாந்தம். கேட்க அழகாகத்தான் இருந்தது. ஆயிரக்கணக்கில் செலவாகியும் ஆர்டர் மட்டும் வரவில்லை. பதினோரு கிளிக்குக்கு ஒரு தளத்தையே தூக்கியவர், இதற்கு மட்டும் “இன்னும் ஒரு வாரம் பார்க்கலாம்” என்றார். அப்புறம், “ஆடி மாசமுங்ணா, ஆவணி வரட்டும்.” அப்புறம், “சிஸ்டம் இன்னும் லேர்னிங்ல இருக்கு.” வாரத்துக்கு ஏறக்குறைய 50 ஆர்டர் வந்தால்தான் இயந்திரம் பாடம் படித்து முடிக்கும் என்று மெட்டா தன் விளம்பரங்களுக்குச் சொல்வதை, கூகுளில் ஓடும் சேனலுக்கு இரவல் வாங்கிப் பேசினார். நான் பார்த்தவரை இந்த இனத்தார் எல்லோருக்கும் இப்படி ஒரு செல்லப்பிள்ளை இருக்கிறது. கணக்கெல்லாம் அடுத்தவர் சொன்ன பிளேஸ்மென்ட்டுக்குத்தான்.

செலவு 18,000 ரூபாயைத் தொட்டதும் முதலாளியே போன் போட்டு நிறுத்தச் சொன்னார். அண்ணன் நிறுத்தினார், அன்று மதியம் சாப்பிடவில்லை.

அடுத்த வாரம் பயிற்சிப் பெண் ஓடிவந்தாள். “அண்ணா, அந்தச் சேனல் கணக்குல ரெண்டு ஆர்டர் ஏறியிருக்கு!” போன மாதம் தட்டியவர்கள், சம்பளம் வந்ததும் வாங்கியிருக்கிறார்கள். அண்ணன் எழுந்து நின்றார். ஆபீஸ் முழுக்கக் காபி சொன்னார். முதலாளியை ஸ்பீக்கரில் போட்டார்.

“பாத்தீங்ளாங்ணா? நாந்தான் அப்பவே சொன்னேனில்லீங்ளா?”

மறுமுனையில் கொஞ்ச நேரம் சத்தமில்லை. முதலாளி மனக்கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார்.

“தம்பி, கிரைண்டர் ஆறாயிரம். அத விக்க ஒண்ணுக்கு ஒம்பதாயிரம் ஆயிருக்குது. கோயில் வாசல்ல நின்னு சும்மாவே குடுத்திருந்தாக்கூட கிரைண்டருக்கு மூவாயிரம் மிச்சமாயிருக்குமுங்களே?”

அண்ணன் கண் இமைக்கவில்லை.

“அதுக்குப் பேர்தாங்ணா பிராண்டிங்.”