தோட்டத்து வில்லிஸ் ஜீப்பைச் செப்பனிடுதலும் மேம்படுத்தலும்: ஓர் அறிமுக ஆய்வு

வரையறை

வில்லிஸ் ஜீப் என்பது அமெரிக்காவின் ஒகாயோ மாநிலத்து டொலிடோ நகரில் பிறந்து, இலங்கையின் நுவரெலியா மாவட்டத்தில் ஓய்வு மறுக்கப்பட்ட வாகனமாகும். ஹட்டன், மஸ்கெலியா, தலவாக்கலை, இராகலை வட்டாரங்களில் இது மூன்று நிலைகளில் காணப்படுகிறது: ஓடுவது, ஓடக்கூடியது, ஓடியது. முதல் வகை தெருவிலும், இரண்டாம் வகை வீட்டு வாசலிலும், மூன்றாம் வகை கோழிகளின் பொறுப்பிலும் இருக்கும். இந்த ஆய்வு இரண்டாம் வகையைப் பற்றியது.

‘ஒரேயொரு சாமான் கிடைத்தால் நாளைக்கே ஓடும்’ என்று உரிமையாளரால் உறுதி கூறப்படுவது ஓடக்கூடிய ஜீப் ஆகும். அந்தச் சாமான் எது என்பது மாதத்துக்கு மாதம் மாறும். உறுதி மாறுவதில்லை.

தோற்றமும் வருகையும்

1940இல் அமெரிக்க இராணுவம் ஒரு சிறிய உளவு வண்டியைச் செய்து தரும்படி 135 நிறுவனங்களைக் கேட்டது. பென்சில்வேனியாவின் பான்டம் நிறுவனம் 49 நாளில் மாதிரி வண்டியைக் கொண்டுபோய் நிறுத்தியது. ஆனால் பெருந்தொகையாகச் செய்யும் வேலை வில்லிஸுக்கும் ஃபோர்டுக்கும் போனது. போர் முடிவதற்குள் அவ்விரு நிறுவனங்களும் ஆறு இலட்சத்துக்கும் மேற்பட்ட ஜீப்புகளைச் செய்து முடித்தன. ஒரு முழு ஜீப்பை 49 நாளில் உருவாக்க முடிந்தது என்ற தகவலை, அதே ஜீப்புக்கு கிளட்ச் தட்டு மாற்ற மலையகத்தில் ஆகும் காலத்துடன் ஒப்பிடலாம். பலருடைய மனம் நோகும் என்பதால் அந்த ஒப்பீடு இங்கே தவிர்க்கப்படுகிறது.

1944 ஏப்ரலில் மவுன்ட்பேட்டன் பிரபு தென்கிழக்காசியக் கூட்டுப்படைத் தலைமையகத்தைக் கண்டிக்கு மாற்றி, பேராதனைப் பூங்காவில் அலுவலகம் அமைத்தார். மலைநாட்டுப் பாதைகளும் ஜீப்பும் ஒன்றையொன்று அறிந்துகொண்ட காலம் அது. 1945இல் வில்லிஸ் நிறுவனம் விவசாயிகளை மனத்தில் வைத்து சீஜே-2ஏ என்ற சிவில் மாதிரியை வெளியிட்டது. அதன் அச்சுப் பல்விகிதம் 5.38. வேகத்துக்கு இது உதவாது, செங்குத்தான தோட்டத்து ரோட்டுக்கு இதைவிட உதவுவது வேறில்லை. தோட்டங்களை நிர்வகித்த துரைமார் ஜீப்பை விரும்பியதற்கு இது போதிய காரணம்.

அதே காலத்துப் பதிவேடு ஒன்றையும் ஆய்வாளர் புரட்ட வேண்டும். 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம், நூறாண்டுக்கும் மேலாக இந்த மலைகளில் உழைத்த இந்திய வம்சாவளித் தமிழரில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவர் ஆக்கியது. தோட்டத்து ஜீப்புக்குப் பதிவுப் புத்தகம் இருந்தது. ஜீப்பைக் கழுவித் துடைத்தவருக்கு இல்லை. நாடற்ற நிலைக்கு முடிவு கட்டும் சட்டம் 2003இல்தான் வந்தது. கழுவியவரின் பேரன் இன்று மரக்கறி லொறி வைத்து உழைத்து, அதே வகை ஜீப்பை விலைக்கு வாங்கி வாசலில் நிறுத்தும்போது, அது வெறும் பழைய வாகன மோகம் என்று எழுதிவிட்டால் ஆய்வு குறைபட்டுப் போகும்.

சைலன்சரின் நிர்வாகப் பயன்

துரையின் காலத்தில் ஓட்டை விழுந்த சைலன்சர் ஒரு பழுதாகக் கருதப்படவில்லை. ஜீப் இரண்டு வளைவுக்குக் கீழே வரும்போதே மலையில் சத்தம் கேட்கும். கங்காணி வெற்றிலையைத் துப்பிவிட்டு நிமிர்வார், கணக்கப்பிள்ளை புத்தகத்தைத் திறப்பார், கொழுந்தெடுக்கும் கைகளின் வேகம் கூடும். துரை வந்து சேரும்போது மலை முழுவதும் ஒழுங்கு நிலவும். சைலன்சரைச் சரிசெய்தால் இந்த ஏற்பாடு குலைந்துவிடும் என்பதால், அதைச் செப்பனிடும்படி கீழிருந்து எந்தக் கோரிக்கையும் எழவில்லை.

மேம்படுத்தலின் மூன்று காலங்கள்

முதலாவது பெற்றோல் காலம். ஜீப்பில் டொலிடோவில் பூட்டிய 2.2 லீற்றர், நான்கு சிலிண்டர், 60 குதிரைவலு இயந்திரமே இருந்தது. வால்வுகள் எல்லாம் பிளாக்கிலேயே இருக்கும் எளிய அமைப்பு. ஆறு வோல்ட் மின்சாரம். பெற்றோல் டேங்க் டிரைவரின் ஆசனத்துக்கு அடியில்.

இரண்டாவது டீசல் காலம். 1973இல் உலகச் சந்தையில் எண்ணெய் விலை ஏறியது. 1977 வரை இறக்குமதிக் கட்டுப்பாடு இருந்ததால் புது வண்டிக்கும் வழியில்லை. அதன்பின் ஜப்பானிய டீசல் இயந்திரங்கள் தாராளமாக வந்தன. மிட்சுபிஷி நிறுவனம் 1953 முதல் வில்லிஸின் அனுமதியோடு ஜப்பானில் ஜீப் செய்து வந்திருந்ததால், அதன் 4டீஆர்5 இயந்திரம் இலங்கையில் ஜீப்பின் மறுபெயராகவே ஆனது. வில்லிஸின் பெற்றோல் இயந்திரம் கழற்றப்பட்டு, டீசல் பூட்டப்பட்டது. இது மேம்படுத்தல் எனப்பட்டது. கழற்றியது பழைய இரும்புக்குப் போனது.

மூன்றாவது மீட்புக் காலம். 2020 மார்ச்சில் அரசு வாகன இறக்குமதியை நிறுத்தியது. தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் கதவு மறுபடி திறந்தது. இடையில் சில்லு உள்ள எதுவும் சொத்தாகியது. அச்சொட்டாகப் பழையபடி இருக்கும் வில்லிஸுக்குத் தனி மதிப்பு வந்தது. எனவே டீசல் கழற்றப்பட்டு, பெற்றோல் இயந்திரம் தேடப்பட்டது. இதுவும் மேம்படுத்தல் எனப்பட்டது.

இவற்றிலிருந்து மேம்படுத்தலின் முதல் விதி பெறப்படுகிறது: ஒரு ஜீப்பை மேம்படுத்துவது என்பது, முந்தைய உரிமையாளர் செய்த மேம்படுத்தலை நீக்குவது. பெற்றோலா, டீசலா என்ற விவாதம் ஐம்பது ஆண்டுகளில் ஒரே ஒரு தடவைதான் சமநிலையில் முடிந்தது. அது 2022இல், இரண்டுமே கிடைக்காதபோது.

வேலைத்தலமும் ஆலோசகர்களும்

வீட்டு வாசலில் பொனட் திறக்கப்பட்டதும் பத்து நிமிடத்துக்குள் ஆலோசனைச் சபை கூடிவிடும். அதில் நால்வர் நிரந்தர உறுப்பினர். துரையிடம் வண்டியோட்டி ஓய்வுபெற்ற டிரைவர், தேயிலை ஸ்டோரின் பிட்டர், கைப்பேசியில் வீடியோ பார்த்துத் தேர்ந்த ஆட்டோக்கார இளைஞர், டோர்ச் பிடிக்கும் பையன் ஆகியோர் அவர்கள். பையன் டோர்ச்சை வேலை நடக்கும் இடத்தில் பிடிப்பதில்லை. யார் பேசுகிறாரோ அவர் முகத்துக்கு அடிப்பான்.

இளைஞர் பிளக்கைக் கழற்றத் தொடங்குவார். டிரைவர் கைகட்டி நின்று, நேரம் வரும்வரை பொறுத்திருந்து, பிறகு சொல்வார்: “தம்பி, அத விடு. சீட்டத் தூக்கு. டேங்க்குல பெற்றோல் கெடக்கானு மொதல்ல பாரு.” சீட் தூக்கப்படும். டேங்க் காய்ந்திருக்கும். அன்றைய வேலை அத்துடன் முடிந்து தேநீர் வரும். பழுதுகளில் கணிசமானவை இந்த வகையைச் சேர்ந்தவை.

உயரத்தின் விளைவுகள்

நுவரெலியா கடல்மட்டத்திலிருந்து 1868 மீற்றர் உயரத்தில் உள்ளது. 300 மீற்றர் ஏற ஏற இயந்திரம் ஏறத்தாழ 3 வீத வலுவை இழக்கும். கொழும்பில் 60 குதிரைகளோடு புறப்பட்ட ஜீப் நுவரெலியாவின் கிரகரி வாவியை அடையும்போது 49 குதிரைகளே எஞ்சியிருக்கும். மீதி 11 ஏற்றத்து வழியில் ஒவ்வொன்றாக இறங்கிக்கொள்ளும். ஏப்ரல் சீசனில் மகாகஸ்தோட்டை மலையேற்றப் பந்தயத்துக்கு வருவோர் இதை அறிந்தே வருகின்றனர்.

மெல்லிய காற்றில் பெற்றோல் கலவை செறிவாகிவிடும். ஆகவே கொழும்பு கராஜில் சரிபார்த்த காபரேட்டர் இங்கே கரும்புகை கக்கும், பிளக்கில் கரி படியும். சிறிய ஜெட் பூட்டுவதே முறையான பரிகாரம். பிளக்கைக் கழற்றித் துடைத்து, 0.030 அங்குல இடைவெளி வைத்து, மீண்டும் பூட்டி, அடுத்த வாரமும் அதையே செய்வது வழக்கமான பரிகாரம்.

இந்த உயரத்தில் திறந்த பாத்திரத்துத் தண்ணீர் 94 பாகை செல்சியஸிலேயே கொதித்துவிடும். ஆகையால் ரேடியேட்டர் மூடியின் ரப்பர் வளையம் முக்கியமானது. அது அழுத்தத்தைப் பிடித்துவைத்தால்தான் தண்ணீர் அடங்கி இருக்கும். ரம்பொடை ஏற்றத்தில் முதல் கியரில் ஊர்ந்து ஏறும்போது, சூடான பம்புக்குள் பெற்றோலே ஆவியாகி இயந்திரம் நின்றுபோவதும் உண்டு. அப்போது பம்பின்மேல் ஈரத்துணியைச் சுற்ற வேண்டும். எனவே ஒரு முழத் துணி உதிரிப்பாகங்களின் பட்டியலில் சேர்க்கப்படுகிறது.

ஆறு வோல்ட்டும் இறக்கமும்

ஜனவரி அதிகாலையில் நுவரெலியாவில் புல்லின்மேல் உறைபனி படியும் நாட்கள் உண்டு. இயந்திர ஒயில் இறுகியிருக்கும். ஆறு வோல்ட் பெட்டரிக்கு அதைச் சுழற்றும் தெம்பு இருக்காது. பன்னிரண்டு வோல்ட்டுக்கு மாறுவதே பயனுள்ள மேம்படுத்தல். பெட்டரி, டைனமோ, கொயில், பல்புகள் போன்றவற்றை மாற்ற வேண்டும். பழைய ஸ்டார்ட்டரும் நீண்டநேரம் அழுத்தாவிட்டால் தாங்கும். டிஸ்ட்ரிபியூட்டர் பொயின்ட்டின் இடைவெளி 0.020 அங்குலம். அளக்கும் தகடு கராஜில் எப்போதும் வேறொருவர் இரவல் வாங்கிப்போனதாகவே இருக்கும்.

பன்னிரண்டு வோல்ட்டுக்கு வசதியில்லாதோர் புவியீர்ப்பை நாடுகின்றனர். வண்டியை எப்போதும் இறக்கத்தைப் பார்த்து நிறுத்தி, காலையில் இரண்டாம் கியரில் உருளவிட்டு கிளட்சை விடுவார்கள். தோட்டங்களில் சமதரை அரிது என்பதால் இந்த முறை பெட்டரியை விட நம்பகமானது. ஒரே நிபந்தனை, முந்தின மாலை நிறுத்தியவருக்கு முன்யோசனை இருந்திருக்க வேண்டும்.

பிரேக்கும் கல்லும்

வில்லிஸின் கைப்பிரேக் சில்லுகளில் இல்லை. கியர்ப் பெட்டிக்குப் பின்னாலுள்ள டிரான்ஸ்பர் கேஸின் வெளியீட்டுத் தண்டில் இருக்கிறது. அந்த இடத்து ஒயில் சீல் தேய்ந்தால், கசியும் ஒயில் நேரே பிரேக் பட்டியில் படும். பிடிக்க வேண்டிய பட்டி வழுக்கும். சீலை மாற்றாமல் பட்டியை மட்டும் மாற்றுவோர், மாதத்துக்கு ஒரு பட்டி மாற்றுவார்கள். இதனால்தான் மலையகத்து ஜீப் ஒவ்வொன்றிலும் முக்கோணக் கல் ஒன்று பயணம் செய்கிறது. டிரைவர் இறங்குவதற்கு முன் கல் இறங்கும்.

காற்பிரேக்கின் மாஸ்டர் சிலிண்டர் தரைத்தகட்டுக்குக் கீழே உள்ளது. பிரேக் ஒயில் இருக்கிறதா என்று பார்க்கத் தகட்டைத் திறக்க வேண்டும் என்பதால் அது பார்க்கப்படுவதில்லை. பழைய மாதிரிகளின் 9 அங்குல டிரம்களுக்குப் பதிலாக 11 அங்குல டிரம்களும், முன்பின் சில்லுகளுக்குத் தனித்தனியே அழுத்தம் கொடுக்கும் இரட்டை மாஸ்டர் சிலிண்டரும் பூட்டுவது இந்த மலைகளில் ஆடம்பரமல்ல, அவசியம். பழைய ஒற்றை அமைப்பில் எங்கேனும் ஒரு குழாய் வெடித்தால் நான்கு சில்லுகளிலும் பிரேக் போய்விடும். இந்த ஒரு விடயத்தில் மட்டும் அசலைப் பாதுகாக்கும் ஆர்வத்தை ஆய்வு பரிந்துரைக்கவில்லை.

சாமான் தேடல்

இலங்கையில் கிடைக்கும் சாமான் கொழும்பின் பஞ்சிகாவத்தையில் கிடைக்கும், பஞ்சிகாவத்தையில் கிடைக்காதது இலங்கையில் இல்லை என்பது நம்பிக்கை. உரிமையாளர் பழைய சாமானைப் பையில் போட்டுக்கொண்டு கொழும்புக்குப் போய், கடை கடையாகக் காட்டி, ஏறக்குறைய அதைப் போன்ற ஒன்றை வாங்கி, ஹட்டன் திரும்புவார். மும்பையில் மகிந்திரா நிறுவனம் 1940களின் பிற்பகுதி முதல் ஜீப்பைப் பூட்டி, பின்னர் தானே செய்யவும் தொடங்கியதால் இந்தியச் சாமான்களும் வந்து சேர்கின்றன.

‘ஏறக்குறைய’ என்பதைச் ‘சரியாக’ என்று ஆக்குபவர் ஸ்டோர் பிட்டர். தேயிலை ரோலருக்குப் புஷ் கடையும் கைக்கு ஜீப் புஷ் பெரிய வேலையில்லை. கழித்த பெல்ட்டை வெட்டி இயந்திரத் தாங்கியாக்குவார். அந்தத் தாங்கி அசலைவிட நீண்டகாலம் உழைக்கும். இந்தக் கைவினைக்குப் பாகஎண் இல்லாததால், அடுத்த தலைமுறை அதைக் கழற்றி எறிந்துவிட்டு அசலைத் தேடிப் பஞ்சிகாவத்தைக்குப் போகும்.

சட்ட நிலை

பதிவுப் புத்தகத்தில் உள்ள இயந்திர இலக்கமும் பொனட்டுக்குக் கீழே உள்ள இலக்கமும் ஒன்றாக இருக்க வேண்டும். இயந்திரம் மாறினால் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் திருத்திக்கொள்ள வேண்டும். புகைப் பரிசோதனையில் தேறாமல் வருடாந்த வருமான அனுமதிப்பத்திரம் கிடைக்காது. டீசல் காலத்தில் இலக்கத்தைத் திருத்தாமல் விட்டவர்களின் ஜீப்பில், மீட்புக் காலத்துக்குப் பிறகு புத்தகமும் இயந்திரமும் பொருந்துவதற்கு ஒரு வாய்ப்பு உண்டு. பழைய இரும்புக்குப் போட்ட அதே இயந்திரம் திரும்பி வந்தால் போதும்.

முடிவு

மேற்கண்டவற்றிலிருந்து பெறப்படும் நடைமுறை விதிகள் மூன்று. முதலில் பிரேக்கைச் சரிசெய்க, பிறகே பெயின்ட்டைப் பற்றி யோசிக்க. ஒயில் கசியும் இடத்தில் சீலை மாற்றுக, பட்டியை மட்டும் மாற்றாதிருக்க. கழற்றிய எதையும் எறியாதிருக்க: காபரேட்டர், டைனமோ, 9 அங்குல டிரம், பிட்டர் கடைந்த புஷ் அனைத்தையும் கிரீஸ் பூசி, சாக்கில் கட்டி, பெயரெழுதி வைக்க. இந்த ஜீப்பை அடுத்து வாங்குபவர் அதை மேம்படுத்தத்தான் போகிறார். அவருக்கு வேண்டியது அந்தச் சாக்கில்தான் இருக்கும்.