டிக் அடிக்காத பெரியவர்

வங்கிப் படிவத்தை முழுசாகப் படிக்கிறவர் என்று ஊருக்கு ஒருவர் இருப்பார். அநேகமாக ரிட்டயரான ஆடிட் ஆபீஸ்காரர். பையில் இரண்டு பேனா: எழுத நீலம், அடிக்கச் சிவப்பு. நாமெல்லாம் பெருக்கல் குறி போட்ட இடத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு நகர்ந்துவிடுவோம். இவர் கடைசிப் பக்கத்துப் பொடி எழுத்தை மூக்கருகே வைத்து வாசித்துக்கொண்டிருப்பார்.

"'வணிகக் கூட்டாளிகளுக்கு என் விவரங்களைத் தரச் சம்மதம்'னு போட்டிருக்கே, யாரும்மா அந்தக் கூட்டாளி?"

"அது எல்லாருக்கும் காமன் சார். சைன் மட்டும் போடுங்க."

"பேரே தெரியாம எப்படிம்மா போடறது? என் பொண்ணைக் கொடுக்கறப்பவே மாப்பிள்ளை பேரைக் கேட்டுட்டுத்தான் கொடுத்தேன்."

சிவப்புப் பேனா அந்த வரியை அடிக்கும். ஓரத்தில் சுருக்கொப்பம், தேதி. ஆனால் கம்ப்யூட்டரில் அந்தக் கட்டத்தில் ஏற்கெனவே டிக் விழுந்திருக்கும். அதை எடுத்தால் அடுத்த பக்கம் திறக்காது. மேனேஜர் எழுந்து வருவார். வரிசையில் நிற்கிற பாதிப் பேர் டீ குடிக்கப் போய்விடுவார்கள்.

அவர் கேட்பதில் நியாயம் இருக்கிறது என்பதுதான் சங்கடம். 1909-க்கு 'ஸ்டார்ட் 0' என்று எஸ்எம்எஸ் அனுப்பி விளம்பர அழைப்பை எல்லாம் நிறுத்தச் சொல்லலாம். ஆனால் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் 2018 ஒழுங்குமுறைப்படி, ஒரு நிறுவனத்துக்கு வெளிப்படையாகச் சம்மதம் கொடுத்துவிட்டால் அதற்கு அந்தத் தடை பொருந்தாது. ஒரு டிக்கில் எல்லாம் போச்சு. 2023 தரவுப் பாதுகாப்புச் சட்டமோ, சம்மதம் நிபந்தனையின்றி இருக்க வேண்டும், கொடுத்த அதே சுலபத்தில் திரும்பப் பெறவும் முடிய வேண்டும் என்கிறது. அறிவிப்பை எட்டாவது அட்டவணையின் 22 மொழிகளில் எதில் வேண்டுமானாலும் கேட்கலாம். பெரியவர் தமிழில் கேட்பார். விதிகள் 2025 நவம்பரில்தான் வந்தன, முக்கியப் பிரிவுகளுக்கு 18 மாத அவகாசம் இருக்கிறது என்பார் மேனேஜர்.

"அப்போ 18 மாசம் கழிச்சு வர்றேன்."

"வாங்க சார், அப்போ நான் வேற பிராஞ்ச்ல இருப்பேன்."

வீட்டில் இவருடைய யுத்தம் நோட்டுப் புத்தகத்தில் நடக்கும். விளம்பர அழைப்புக்கு 140-ல் தொடங்கும் எண், வங்கிகளின் சேவை அழைப்புக்கு 1600 என்று வரிசை ஒதுக்கியிருக்கிறார்கள். பர்சனல் லோன் வேண்டுமா என்று கேட்கிற பெண்ணோ சாதாரணப் பத்து இலக்க எண்ணிலிருந்து கூப்பிடுகிறாள். பெரியவர் கட் பண்ண மாட்டார். "என் நம்பர் எங்கேர்ந்தும்மா கெடச்சுது?" "சிஸ்டம்ல வந்துது சார்." "சிஸ்டத்துக்கு யாரு கொடுத்தா?" அவள் வைத்துவிடுவாள். நோட்டில் தேதி, நேரம், எண் ஏறும். புகார் கொடுக்க மூன்று நாள் கெடு இருந்ததை 2025-இல் ஏழாக்கினார்கள். அன்று வீட்டில் பாயசம்.

அவருடைய ஆகப் பெரிய கண்டுபிடிப்பு இனிஷியல். அத்தாட்சி கேட்காத இடத்தில் எல்லாம் ஆளுக்கு ஒரு இனிஷியல் கொடுத்துவைத்திருக்கிறார். பட்டுக்கடைக் குலுக்கல் கூப்பனில் 'எம்', ரத்தப் பரிசோதனை நிலையத்தில் 'என்', மருந்துக்கடையில் 'பி'. கூப்பிடுகிறவர் எந்த இனிஷியலைச் சொல்கிறாரோ, ஓட்டை அந்த இடத்தில். உளவுத்துறைக்கே தோன்றியிருக்குமோ என்னமோ. மாமிக்குத்தான் அவஸ்தை, ரிசல்ட் வாங்கப் போனால் அந்தப் பெயரில் யாருமில்லை என்று திருப்பி அனுப்பிவிடுகிறார்கள்.

போன வாரம் பொறி வேலை செய்தது. கூப்பிட்டவன், "இசட் சார்தானே? ஈசிஆர்ல பிளாட் ஒண்ணு இருக்கு சார்" என்றான். பெரியவர் துள்ளி எழுந்து நோட்டைப் புரட்டினார். இசட் என்று ஒரே ஓர் இடத்தில்தான் கொடுத்திருந்தார்: குடியிருப்போர் நலச் சங்கத்தின் டெலிபோன் டைரக்டரி. தொகுத்தவர், செயலாளர் என்ற முறையில், அவரே. நூற்றுச் சொச்சம் வீட்டு நம்பரும் அதில் இருக்கிறது.

காபி டம்ளரை வைத்துவிட்டு மாமி கேட்டார்: "பின் அட்டையில பிளாட் விளம்பரம் போட்டாரே ஒரு புரோமோட்டர், அவருக்கு எத்தனை காப்பி கொடுத்தேள்?"