கோழிக்கும் ஒரு கலயம் பழங்கஞ்சி

கோடை வந்தால் திருவனந்தபுரத்தில் மனிதர்களுக்கு இரண்டு சலுகைகள் உண்டு. வெயிலில் வேலை பார்ப்பவர்களுக்குப் பகல் 12 முதல் 3 வரை ஓய்வு தரச் சொல்லித் தொழிலாளர் துறை உத்தரவு போடும். ஓட்டல் வாசலில் பழங்கஞ்சிப் பலகை தொங்கும். சுமார் 41 டிகிரி உடல்சூட்டோடு, பேருக்கு ஒரு வியர்வைச் சுரப்பிகூட இல்லாமல், கொல்லையில் முட்டையிட்டுக் கொண்டிருக்கும் கோழிக்கு இரண்டுமே கிடையாது. கேரளத்தில் யூனியன் இல்லாத தொழிலாளி அது ஒன்றுதான் போலிருக்கிறது. அதற்கும் இரண்டையும் கொடுக்க வேண்டும் என்பது என் கட்சி.

‘வெயில் பாலக்காட்டில்தானே, இங்கே 33, 34 டிகிரிதானே’ என்பார்கள். கோழி வாயைப் பிளந்து இரைத்துத்தான் சூட்டைத் தணித்துக்கொள்கிறது. மூச்சோடு நீர் ஆவியானால்தான் உடம்பு குளிரும்; கடற்கரை ஊரின் ஈரக்காற்றில் அது அவ்வளவு எளிதாக ஆவியாகாது. இரைக்க இரைக்க இரத்தத்தில் கரியமில வாயு குறைந்து, முட்டை ஓடு மெலிகிறது. இரைக்கிற கோழி காய்ந்த தீவனத்தை ஏறெடுத்தும் பார்க்காது. அதே தீவனத்தை நீரில் ஊறப்போட்டுப் புளிக்கவைத்தால் இரையோடு தண்ணீரும் உள்ளே போகும். தவிட்டில் பூட்டிக் கிடக்கும் பாஸ்பரஸும் ஓரளவு விடுபடும். டென்மார்க் ஆய்வாளர்கள் 2009-இல் வெளியிட்ட ஆய்வில் புளித்த தீவனம் தின்ற கோழிகளின் முட்டை எடை கூடியது, ஓடும் உறுதிப்பட்டது. ஆனால் தீவனம் வைத்ததும் அடிதடி, இறகுகளும் சேதம். நல்ல சாப்பாட்டுக்குப் பந்தியில் இடம்பிடிப்பவர்கள் இதைக் குறையாகச் சொல்லக் கூடாது. இரண்டு மூன்று தொட்டிகளில் பிரித்து வைத்தால் சண்டை பாதி ஓயும்.

‘புளித்தது என்றால் கள்தானே, கோழி தள்ளாடாதா?’ என்று கேட்பவர்கள் உண்டு. சரியாகப் புளித்தால் அங்கே ஆட்சி லாக்டிக் அமிலத்துக்கு. தயிர் வாசனைதான் வரும். சாராய நெடி அடித்தால் நாள் கடந்துவிட்டது என்று பொருள். இந்த ஊர்ச் சூட்டுக்கு ஒரு நாள் போதும், குளிர்நாட்டுக்காரர்களின் மூன்று நாள் கணக்கு இங்கே செல்லாது. தீவனம் முழுக நீர் விட்டு, துணியால் மூடி, அவ்வப்போது கிளறவும். பழங்கஞ்சிக்குரிய உப்பும் உள்ளியும் வேண்டாம், கோழிக்கு ஆகாது. காந்தாரி மிளகாயும் வீண், பறவைகளுக்குக் காரம் உறைப்பதில்லை.

பெரிய பண்ணைக்கு இது ஒத்துவராது என்ற ஆட்சேபம் நியாயமானதே. ஆயிரக்கணக்கில் வளர்ப்பவர் வாளி வாளியாகக் கிளறிக்கொண்டிருக்க முடியாது. நாமக்கல் முட்டை லாரி வழக்கம்போல் வரட்டும். நான் பேசுவது வீட்டுக்குப் பத்துக் கோழி வளர்ப்பவர்களிடம். செரிமானமும் உடம்பில் சூட்டைக் கிளப்பும் என்பதால் காலை வெயில் ஏறுமுன் ஒரு வேளை, சாயங்காலம் ஒரு வேளை. நடுப்பகலில் நிழலும் தண்ணீரும் போதும், உத்தரவு போடத் துறை எதுவும் தேவையில்லை. மிஞ்சியதை இரண்டு மணி நேரத்தில் எடுத்துவிட்டுத் தொட்டியைக் கழுவுங்கள். பூசணம் பிடித்த தேங்காய்ப் புண்ணாக்கைப் புளிக்கவைத்துச் சரிக்கட்டிவிடலாம் என்று மட்டும் நினைக்காதீர்கள். அதன் நஞ்சு போய்விடும் என்று நம்ப முடியாது. அதைக் குப்பையில் கொட்டுங்கள்.