கேடயம் ஆராயப் புறப்படுவோருக்கு

இடைக்கால ஐரோப்பாவில் கேடயம் எப்படிச் செய்தார்கள் என்று ஆராய ஆசை வந்துவிட்டதா? முதல் வேலையாக டிவியை அணையுங்கள். படத்தில் வாள் பட்டதும் வெண்கலப் பானை விழுந்த சத்தம் வரும். அதைக் கேட்டுக் கேட்டே கேடயம் என்றால் இரும்புத் தகடு என்று நமக்கு ஊறிப்போயிருக்கிறது. அசல் சரக்கு பலகை, தோல், பசை. வைக்கிங் வட்டக் கேடயத்தில், பிடித்த கையைக் காக்க நடுவே கவிழ்த்த கிண்ணம்தான் முக்கியமான இரும்பு.

அடுத்து, பயேத் திரைச்சீலையைப் பாருங்கள். 11ஆம் நூற்றாண்டின் பூத்தையல். கிட்டத்தட்ட 70 மீட்டர் நீளம். நெடுகிலும் வால் நீண்ட கேடயங்கள். ஆனால் அளவு நாடாவோடு கிட்டே போகாதீர்கள். அதில் நீலக் குதிரையும் ஓடுகிறது.

படம் போதாது, பொருளே வேண்டும் என்பவர்கள் நார்வேக்குப் போகலாம். 1880இல் கோக்ஸ்டாட் புதைமேட்டைத் தோண்டியபோது ஒரு கப்பல் வந்தது. பக்கத்துக்கு 32 வீதம் 64 கேடயங்கள், மஞ்சளும் கறுப்பும் மாறி மாறி, பம்பாய் டாக்ஸி வரிசை மாதிரி. குறுக்களவு 94 செ.மீ. பலகையோ விரல் தடிமன்கூட இல்லை. இந்தக் கேடயங்கள் சண்டைக்கா, சவ அடக்கத்துக்கா என்று அறிஞர்களிடையே வழக்கு நடக்கிறது. ஏதாவது ஒரு கட்சியில் சேர்ந்துவிடுங்கள். பிறகு மாறிக்கொள்ளலாம், குற்றமில்லை.

பசைதான் ருசியான பகுதி. 12ஆம் நூற்றாண்டுத் துறவி தியோஃபிலஸ் பக்குவம் எழுதி வைத்திருக்கிறார். மெத்தென்ற பாலாடைக்கட்டியைச் சிறிதாக நறுக்கி, உரலில் இட்டு, வெந்நீர் விட்டு இடித்து, தண்ணீர் தெளியும்வரை அலச வேண்டும். குளிர்ந்த நீரில் போட்டு இறுகவைத்து, மறுபடி அரைத்து, சுட்ட சுண்ணாம்பு கலந்த நீர் சேர்த்தால் வண்டல் பதத்தில் வரும். அவசரப்பட்டு மிக்ஸியில் போட்டால் உங்கள் ஆராய்ச்சிக்கு வீட்டில் அன்றே முற்றுப்புள்ளி. இன்னொன்று: இதை அவர் சொன்னது பலிபீடப் பலகைக்கும் கதவுக்கும். கேடயம் செய்யக் கிளம்புகிறவர்கள் இந்தத் தகவலை மென்று விழுங்கிவிடுவது வழக்கம். நீங்களும் விழுங்கிக்கொள்ளுங்கள்.

ஒட்டிய பலகைக்குமேல் குதிரை, கழுதை அல்லது மாட்டின் பச்சைத்தோல் போர்த்தச் சொல்கிறார். தோல் வாங்கும் இடத்தில் மட்டும் ஏமாறாதீர்கள். கேடயத்துக்குச் செம்மறித் தோல் போர்த்தக் கூடாது என்று 10ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்து மன்னர் ஏத்தல்ஸ்டன் சட்டமே போட்டார். சும்மா போடுவாரா? எத்தனை வீரர்கள் தலையில் ஆட்டுத்தோலைக் கட்டினார்களோ! மீறிய கேடயத் தச்சருக்கு அபராதம் 30 ஷில்லிங்.